லேசாக ஒரு மஞ்சள்

மனிதர்களில் பல வகை உண்டு. இரவல் வாங்கிய குடைக்கடியில் நின்றுகொண்டு மழையைக் குறை சொல்பவர் ஒரு வகை. சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டையே தலைகீழாகப் புரட்டுபவர் ஒரு வகை. வழி தெரியாது என்று சொல்லத் தெரியாமல் நம்மை நாலு தெரு சுற்றவிடுபவர் இன்னொரு வகை. இவர்களோடெல்லாம் நீங்கள் பழகியிருப்பீர்கள்; ஒரே வீட்டில் மூன்று வகையும் குடியிருப்பதும் உண்டு. இங்கே நாம் பார்க்கப் போகிறவர் இவர்களைவிட நுட்பமானவர். அவர் மஞ்சள் காண்பவர்.

கண்டுபிடிப்பது சுலபம். புதிதாக வெள்ளையடித்த அறைக்குள் அவரைக் கூட்டிப்போய் நிறுத்துங்கள். வாசலிலேயே நிற்பார். தலையை இடப்பக்கம் சாய்ப்பார். ஒரு கண்ணைச் சுருக்குவார். சன்னல் எந்தப் பக்கம் என்று பார்ப்பார். பிறகு, நம் மனம் நோகக் கூடாதே என்ற கருணை குரலில் சொட்ட, "லேசா ஒரு மஞ்சள் அடிக்குதோ?" என்பார். அதோடு நிறுத்திக்கொண்டாலாவது பரவாயில்லை. "சும்மா கேட்டேன்" என்று வேறு சேர்ப்பார். முடிந்தது. பெயின்டர் ஒரு வாரம் ஏணியில் தொங்கி அடித்த வெள்ளை, அந்த ஒரு வார்த்தையில் அடுப்பங்கரைக் கரித்துணி ஆகிவிடும். அதன்பின் அந்தச் சுவர் உங்கள் ஆயுள் உள்ளவரை உங்களுக்கு வெள்ளையாகத் தெரியாது.

சுவரோடு விடுவாரா? சிரிப்பவர் பல்லைப் பார்ப்பார், கை கொடுப்பவர் நகத்தைப் பார்ப்பார், சாப்பிடக் கூப்பிட்டால் தட்டைப் பார்ப்பார், பிறந்து ஆறு நாளான குழந்தையின் இமையை விலக்கி விழியைப் பார்ப்பார், பௌர்ணமியன்று மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினால் நிலாவை அண்ணாந்து பார்த்து நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல் நிற்பார். சொல்லாததுதான் தீர்ப்பு. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று சொல்லி வைத்தவர்கள் இவரைக் கண்டதில்லை. காமாலைக்காரருக்கு மருந்து கொடுத்தால் தீர்ந்துவிடும். இவர் மருந்தைக் கையில் வாங்கி, "மாத்திரை லேசா மஞ்சளா இருக்கே?" என்பார்.

இந்த இனத்தின் மிக உயர்ந்த மாதிரி ஒரு துணி ஆலையில் இருக்கிறார். ஆலையில் எல்லோருக்கும் அவர் ஷேடு மேடம். வெளுத்து, சாயம் போட்டு, காயவைத்து வரும் எந்தத் துணியும் அவர் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும். நல்லதென்று அவர் சீட்டில் கையெழுத்துப் போட்டால் லாரி ஏறும். "மஞ்சள்" என்றால் மறுபடி தொட்டி ஏறும். முப்பது வருடமாக அப்படித்தான். ஊரில் பலருக்குக் கண் இருக்கிறது. கண்ணுக்குச் சம்பளம் வாங்குபவர் அவர் ஒருவர்தான்.

அவர் அறையைப் பார்க்க வேண்டுமே. சுவர் சாம்பல், மேசை சாம்பல், நாற்காலி சாம்பல், மேடத்தின் கோட்டும் சாம்பல். கண்ணை எந்த நிறமும் கெடுத்துவிடக் கூடாதாம். நடுவில் லைட் பாக்ஸ். ஒரு பக்கம் திறந்த பெரிய பெட்டி. உள்ளே மூன்று விளக்கு. ஒன்று பகல் வெளிச்சம் மாதிரி, ஒன்று கடை வெளிச்சம் மாதிரி, ஒன்று வீட்டு பல்பு மாதிரி. துணியை உள்ளே போட்டு மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார். சுவரில் அவரே எழுதி ஒட்டிய பதினோரு விதிகள்.

பதினொன்றும் நமக்கு எதற்கு? மூன்று போதும். விதி ஒன்று: ஒரே விளக்கில் பார்த்தது பார்த்ததாகாது. விதி நான்கு: தாய்த்துண்டோடு ஒப்பிடு, போன லாட்டோடு ஒப்பிடாதே. தாய்த்துண்டு என்பது, துணி வாங்குபவர் 'இதுதான் வேண்டும்' என்று ஒப்புக்கொண்ட முதல் துண்டு. பாதியை அவர் வைத்துக்கொள்வார், பாதி ஆலையில் கறுப்புக் கவருக்குள் வெளிச்சம் படாமல் இருக்கும். அதை விட்டுவிட்டு, ஒரே தடவையில் தொட்டி இறங்கி வரும் துணியான ஒவ்வொரு லாட்டையும் அதற்கு முந்தைய லாட்டோடு ஒப்பிட்டால், ஒவ்வொன்றும் அரை நூல் விலகி, பத்தாவது லாட்டில் துணி வேறு தேசத்துக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. விதி ஏழு: லைட் பாக்ஸுக்குக் கை எட்டும் தூரத்தில் நிறம் கூடாது, தலையில் நிறம் போட்டவர் தொப்பி அணிக (கறுப்பு கணக்கில் சேராது). வாசலில் ஓர் ஆணியில் சாம்பல் கோட்டும், இன்னோர் ஆணியில் சாம்பல் தொப்பியும் அதற்காகவே தொங்கின. மருதாணித் தலையோடு ஒருமுறை முதலாளியே வந்தபோது, தொப்பியை மாட்டிக்கொண்ட பிறகுதான் அவருக்கு வணக்கம் கிடைத்தது.

இப்படிப்பட்டவர் தன் தலை விஷயத்தில் எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் கதை.

ஐம்பத்து நான்காவது வயதில் மேடம் ஒரு முடிவெடுத்தார். இருபது வருடமாகப் பதினைந்து நாளுக்கொரு முறை தலைக்குக் கறுப்பு பூசுவதும், பூசிய மறுவாரமே நெற்றியோரம் வெள்ளை எட்டிப் பார்த்துச் சிரிப்பதுமாக நடந்த போர் போதும். இனி நரை நரையாகவே இருக்கட்டும், ஆனால் கண்டபடி இருக்கக் கூடாது, சாம்பல் பூத்த வெள்ளி மாதிரி ஒரே சீராக இருக்கவேண்டும். பார்லர்க்காரப் பெண் ஏழு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். பழைய கறுப்பை உரித்தெடுத்தால் அடியில் துலக்காத பித்தளைக் குடம் மாதிரி ஒரு நிறம் பல்லைக் காட்டியது. அதன்மேல் சாம்பலை ஏற்றி, கழுத்தளவுக்கு வெட்டி, முன்பக்கம் மட்டும் இரண்டு திரைபோலத் தாடைவரை தொங்கவிட்டாள். கண்ணாடியில் பார்த்த மேடத்துக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, குறை ஒன்றும் தெரியவில்லை.

"காதுக்குப் பின்னாலேர்ந்து ஒரு கொத்து வெட்டிக் குடும்மா."

"எதுக்கு மேடம், ஞாபகார்த்தமா?"

"தாய்த்துண்டுக்கு."

கறுப்புக் கவருக்குள் போட்டுத் தேதி எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றே வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறைக் கண்ணாடியில் தலையை இடப்பக்கம் சாய்த்தார். ஒரு கண்ணைச் சுருக்கினார். அப்புறம் என்ன, நேராகப் பார்லர்.

"பித்தளை அடிக்குது."

"அடிக்கத்தான் செய்யும் மேடம். மேல போட்ட சாம்பல் குளிக்கக் குளிக்கக் கரையும். அடியில இருக்கறது மெல்ல எட்டிப் பாக்கும். அதுக்குத்தான் இந்த ஊதா ஷாம்பு. மஞ்சளுக்கு ஊதா எதிர் நிறம், அதனால..."

"எனக்கா சொல்லித் தரே?"

"இல்ல மேடம், சொல்லணுமில்ல. வாரத்துக்கு ஒரு தரம். நனைஞ்ச தலையில. மூணு நிமிஷம். மூணுன்னா மூணு. மத்த நாள்ல சாதா ஷாம்பு."

வெள்ளைச் சட்டை அலசுகிற தண்ணீரில் நாலு சொட்டு நீலம் விடுகிற எந்த வீட்டுக்கும் இந்தத் தத்துவம் புரியும். மஞ்சளை நீலம் மறைக்கும். கண் அதை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். நாலு சொட்டு விட்டால் சட்டை. நாற்பது சொட்டு விட்டால் வானம்.

ஆனால் மஞ்சள் காண்பவரிடம் போய் மூன்று நிமிடம் என்றால்? அது சாதாரணக் கண் உள்ளவர்களுக்காகப் போத்தலில் எழுதுவது. முதல் வாரம் மூன்று நிமிடம் வைத்தார், மறுக்கக் கூடாது. அலசித் துடைத்துக் கண்ணாடியில் பார்த்தார். அந்தக் கண்ணாடிக்கு மேலே இருந்த டியூப் லைட் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி ஒருநாள் உயிரை விட்டிருந்தது. அந்த இடத்தில் கணவர் அவசரத்துக்கு ஒரு மஞ்சள் குண்டு பல்பு மாட்டியிருந்தார். அதன் வெளிச்சத்தில் பாலும் எலுமிச்சைச் சாறும் ஒன்று. ஆலையில் மூன்று விளக்கு இல்லாமல் ஒரு கைக்குட்டையைக்கூட நம்பாத மேடம், அந்த ஒற்றைப் பல்பின் கீழ் தன் தலையைப் பார்த்தார்.

லேசாக ஒரு மஞ்சள் அடித்தது.

இரண்டாம் வாரம் ஐந்து நிமிடம். மூன்றாம் வாரம் பத்து, வாரத்தில் இரண்டு தரம். நான்காம் வாரம், நனைந்த தலையில் போட்டால் தண்ணீர் ஷாம்புவின் வீரியத்தைக் குறைக்கிறது என்று கண்டுபிடித்து, உலர்ந்த தலையிலேயே அப்பிக்கொண்டார். ஐந்தாம் வாரத்தில் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி முடிச்சுப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம்வரை படித்து, குறுக்கெழுத்தையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அது கடினமான குறுக்கெழுத்து.

ஒவ்வொரு ஞாயிறும் சடங்கு ஒன்று உண்டு. தாய்த்துண்டை வெளியே எடுத்து, நெற்றியோர முடியின் பக்கத்தில் வைத்து, பல்பைப் பார்த்தபடி நிற்பார். தலை தேறியிருந்தது. தாய்த்துண்டுதான் கொஞ்சம்... கவருக்குள்ளேயே கிடந்து மஞ்சளாகிவிட்டதோ? ஆகியிருக்கும். ஆகாமல் என்ன. அதனால் அன்றைய தலையிலிருந்து புதுக் கொத்து ஒன்றை வெட்டிப் புதுக் கவரில் போட்டு, "தாய்த்துண்டு" என்று எழுதினார். பழையதைத் தூக்கி எறிந்தாரா? எறிவாரா! தொழில் தெரிந்தவர். தேதி போட்டுப் பைக்குள் பின்னால் தள்ளி வைத்தார். மறு ஞாயிறு, புதியதும் மஞ்சளாகியிருந்தது. அடுத்த கவர். இப்படி ஏழு வாரத்தில் ஒரு தலைக்கு ஏழு தாய் சேர்ந்தார்கள்.

இதற்குள் குளியலறையில் துண்டு ஊதா, சோப்புப் பெட்டி ஊதா, அடுத்துக் குளிக்கப்போன கணவரின் குதிகால் ஊதா. எதிர்வீட்டு வெள்ளைப் பூனை தினமும் மதிலில் வந்து உட்காரும். ஒருநாள் மேடம் அதைத் தலை சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குப்பின் அந்தப் பூனையை அந்தத் தெருவில் பார்த்தவர் இல்லை.

கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் லாரியை நோக்கிப் போனாலும் குரலை உயர்த்தக் கூடாது, மெதுவாகத் தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்தவேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். இல்லறத்திலும் அதையே கடைப்பிடித்தார். குறை என்னவென்றால், வீட்டில் அவர் பக்கம் பிரேக் கிடையாது.

"ஏம்மா, தலை நல்லா இருக்கு. இத்தோட நிறுத்திக்கலாமே."

"நல்லா இருக்குன்னா? எந்த விளக்குல பாத்தீங்க?"

"வாசல்ல. வெயில்ல."

"வெயில்ல எல்லாரும் நல்லாத்தாங்க இருப்பாங்க."

"இல்லம்மா, வெயில்ல பாக்கறப்ப லேசா..."

"லேசா மஞ்சளா? பாத்தீங்களா! எனக்கும் சந்தேகமாவே இருந்துது. நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொல்றீங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் குளியலறைக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. பிரேக்கை மிதித்தார், வண்டி பறந்தது. பிறகு அவர் மிதிக்கவில்லை.

வெளியில் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்பீர்கள். யார் சொல்வது? ஆலையில் மேடத்துக்குக் கத்தரிப்பூ என்று பெயர் வைத்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. கேட் காவலாளி முதல் கணக்கு எழுதுபவர்வரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் முப்பது வருடமாக எல்லோருடைய துணியிலும் பல்லிலும் சட்டைக் காலரிலும் நிறம் சொன்னவரிடம், "மேடம், உங்க தலையில..." என்று ஆரம்பிக்க எந்த நாக்குக்குத் துணிச்சல் வரும்? 'மேடத்துக்குத் தெரியாததா, இதுதான் இப்போதைய நாகரிகம் போலிருக்கிறது' என்று இருந்துவிட்டார்கள். அது அவர் தலையோடு நின்றிருந்தால் நாமும் அப்படியே இருந்துவிட்டிருக்கலாம்.

நிற்கவில்லை.

ஆலையில் ஒரு டையிங் மாஸ்டர் இருந்தார். இருபத்திரண்டு வருடமாகச் சாயத்தொட்டியோடு வாழ்ந்தவர். நகக்கண்ணில் எந்நேரமும் ஏதாவதொரு நிறம் இருக்கும், எந்த நிறம் என்பதை வைத்து ஆலையில் அன்று என்ன லாட் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அந்த மாதம் அவருக்கு வந்தது வெள்ளை. ஒரு பெரிய விடுதிக்குப் படுக்கை விரிப்பு. வெளுத்துக் கொண்டுவந்து போட்டார். மேடம் லைட் பாக்ஸுக்குள் குனிந்தார். மூன்று விளக்கும் மாறின.

"மஞ்சள்."

"மேடம், தாய்த்துண்டோட வச்சுப் பாத்தேன், ஒத்துப் போகுதே."

"தாய்த்துண்டே மஞ்சளாயிடுச்சு மாஸ்டர். இன்னொரு தரம் போடுங்க."

லாட் திரும்பியது. மறுபடி வெளுத்துக் கொண்டுவந்தார். மறுபடி மஞ்சள். இந்தத் தடவை முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டார். மருதாணி மின்னும் தலையைத் தடவிக்கொண்டே, "மூணாவது தரமும் திரும்பி வந்துதுன்னா, வேற மாஸ்டர் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதே" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறெப்படி எடுத்துக்கொள்வது? ஐம்பத்தைந்து வயதில், வெள்ளையை வெள்ளையாக வெளுக்கத் தெரியாதவர் என்ற பெயரோடு வெளியே போனால், இன்னொரு ஆலையில் தொட்டி கழுவக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

மாஸ்டர் அதே லாட்டை மூன்றாவது தரம் வெளுத்தார். தொட்டியருகில் பார்த்தார், வெள்ளை. முற்றத்து வெயிலில் விரித்துப் பார்த்தார், வெள்ளை. மகளை வரச்சொல்லிப் பார்க்கச் சொன்னார். "அப்பா, இது வெள்ளைதான். என்னப்பா ஆச்சு உனக்கு?" என்றாள் அவள். துணியை மடித்துக் கையில் ஏந்திக்கொண்டு, பரீட்சை எழுதப்போகிற பிள்ளை மாதிரி மேடத்தின் அறைக்குள் போனார்.

மேடம் துணியை விரித்து உள்ளே போட்டார். பகல் விளக்கைப் போட்டுக் குனிந்தார். குனிந்ததும், பார்லர்க்காரப் பெண் ஆசையாக வெட்டிவிட்ட அந்த இரண்டு திரையும் கன்னத்தின் இருபுறமும் சரிந்து, துணியைத் தொட்டும் தொடாமலும் தொங்கின. மாஸ்டர் அன்றைக்கு வழக்கம்போல எதிரில் நிற்கவில்லை. துணியின் ஒரு முனையைப் பிடித்தபடி மேடத்தின் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். அங்கிருந்து அவர் துணியைப் பார்த்தார்.

மஞ்சள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓரடி பின்னால் வந்தார். வெள்ளை. மறுபடி முன்னால் போனார். மஞ்சள். ஊதாப் பூ இரண்டின் நடுவே ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். தாள் பரிதாபமாகப் பழுத்துவிடும். இது மாஸ்டருக்குத் தெரியாத சங்கதியா? மேடமே அவருக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். அதற்குத்தான் சுவர் சாம்பல், மேசை சாம்பல், கோட்டு சாம்பல்.

"மஞ்சள்" என்றார் மேடம், நிமிராமலேயே.

மாஸ்டர் பிடித்திருந்த முனையைக் கீழே வைத்தார்.

"மேடம், தாய்த்துண்டு?"

"அதுதான் சொன்னேனே. மஞ்சளாயிடுச்சு."

"வாங்கறவங்ககிட்ட இருக்கற பாதி?"

"அதுவும் ஆயிருக்கும்."

"இந்தச் சீட்டுத் தாளு மேடம்?"

மேடம் சீட்டை எடுத்து உள்ளே வைத்தார். "மஞ்சள்தான். இப்பல்லாம் தாளே சரியா வர்றதில்ல."

"இந்தச் சுவரு?"

"சுவர் சாம்பல் மாஸ்டர். அதுல மஞ்சளுக்கு என்ன வேலை?" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பித் தலையைச் சாய்த்தார். "லேசா இருக்கு."

இனி இழப்பதற்கு என்ன இருக்கிறது? மாஸ்டர் வாசல்வரை நடந்துபோய், ஆணியிலிருந்து அந்தச் சாம்பல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதை இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையின் தலையைத் தடவுவதுபோலத் தடவினார்.

"மேடம், விதி ஏழு."

"என்ன விதி ஏழு?"

"தலையில நிறம் போட்டவங்க தொப்பி போடணும்னு."

"யார் தலையில நிறம்? என் தலை சாம்பல்."

"சாம்பல்தான் மேடம். நான் இல்லைன்னு சொல்லல. என்னைப் பொறுத்தவரைக்கும் சாம்பல்தான். விதின்னு எழுதியிருக்குதேன்னுதான். முதலாளியே போட்டாரு."

மேடம் சுவரிலிருந்த விதிகளைப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். தன் கையெழுத்தைத் தானே மறுப்பதா? தொப்பியை வாங்கினார். முன்பக்கத் திரை இரண்டையும் உள்ளே தள்ளி, காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

பகல் விளக்கு. கடை விளக்கு. வீட்டு விளக்கு. மறுபடி பகல் விளக்கு.

இடப்பக்கம் சாய்ந்திருந்த தலை மெதுவாக நேரானது. மாஸ்டர் இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கழுத்தை நேராகப் பார்த்தது அன்றுதான். மேடம் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிப் பார்த்தார். கழற்றினார். மாட்டினார். மாஸ்டர் தன் நகங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தார். பத்தும் முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

பிறகு மேடம் கைப்பையைத் திறந்து ஏழு கவரையும் வெளியே எடுத்தார். லைட் பாக்ஸுக்குள், பகல் விளக்கின் கீழ், தேதி வரிசையில் ஏழு கொத்து முடியை வைத்தார். முதலாவது விறகுச் சாம்பல். இரண்டாவது மழைக்கு முந்திய மேகம். மூன்றாவது புறாவின் கழுத்து. நான்காவதிலிருந்து வர்ணிக்க வேண்டாம். ஆறாவது கத்தரிப்பூவாகவும், ஏழாவது கத்தரிக்காயாகவும் இருந்தது.

"போன லாட்டோட ஒப்பிட்டிருக்கேன்" என்றார் மேடம். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து மாஸ்டர் கேட்டதில்லை. மாஸ்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தவறுக்காக அவரை இதே அறையில் ஒரு மணி நேரம் நிற்கவைத்து விதி நான்கை நூறு தரம் வாசிக்கவைத்தவர் அவர்.

"நடக்கறதுதான் மேடம். தினம் பாக்கற பொருள்ல தெரியாது."

"நடக்கக் கூடாது மாஸ்டர்."

இங்கேதான் நம் மஞ்சள் காண்பவருக்கு ஒரு மரியாதை செய்யவேண்டும். வேறொருவராக இருந்தால் தொப்பியைக் குறை சொல்லியிருப்பார், விளக்கைக் குறை சொல்லியிருப்பார், அதிகப்பிரசங்கி என்று மாஸ்டரை வெளியே அனுப்பியிருப்பார். மேடம் பேனாவை எடுத்தார். அந்த லாட்டுக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டார். பழைய இரண்டு நிராகரிப்புச் சீட்டையும் எடுத்து, 'பார்த்தவர் பிழை' என்று குறுக்கே எழுதி, அதன் கீழும் கையெழுத்துப் போட்டார். பிறகு புதுச் சீட்டு ஒன்றைக் கிழித்து எழுதத் தொடங்கினார்.

பொருள்: தலை. தாய்த்துண்டோடு ஒப்பீடு: பொருந்தவில்லை. குறை: ஊதா மிகை. காரணம்: மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம். முடிவு: நிராகரிப்பு.

எழுதி முடித்து மாஸ்டரிடம் நீட்டினார். நிராகரிப்புச் சீட்டில் டையிங் மாஸ்டரின் கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும்.

"நான் எப்படி மேடம்..."

"விதி பத்து. போடுங்க."

மாஸ்டர் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் மேடத்தின் தீர்ப்பில் அவர் முழுமனதோடு உடன்பட்ட முதல் சீட்டு அது.

அன்று மேடம் தொப்பியோடுதான் வீட்டுக்குப் போனார். கணவர் வாசலில் நின்றார்.

"என்னம்மா, தொப்பி?"

"விதி ஏழு. அந்தக் குளியலறை பல்பை முதல்ல மாத்துங்க."

கணவர் அலமாரியைத் திறந்து, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காத பகல் வெளிச்ச பல்பு ஒன்றை எடுத்தார். இரண்டாவது வாரமே வாங்கி வைத்திருந்தாராம்.

"வாங்கிட்டு ஏங்க மாட்டல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே. லேசான்னு."

ஏழு தாய்களில் ஆறு பேர் குப்பைக்குப் போனார்கள். பார்லர்க்காரப் பெண் கதவைத் திறந்ததும் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டு, சாதா ஷாம்புவை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஐந்து வாரத்தில் கத்தரிக்காய் பூவாகி, பூ மேகமாகி, மேகம் கரைந்து சாம்பல் வந்தது. இப்போது வாரத்துக்கு ஒரு தரம், நனைந்த தலையில், ஊதா. கதவுக்கு வெளியே கணவர் கடிகாரத்தோடு நிற்பார். மூன்றாவது நிமிடம் முடிந்ததும், லாரியை நோக்கிப் போகும் மாணவரிடம் சொல்வதுபோல, குரலை உயர்த்தாமல், "போதும்மா" என்பார். மேடமும் உடனே அலசிவிடுவார். விடுதியின் கட்டில்களில் வெள்ளை விரிப்பு, தொட்டியருகில் மாஸ்டர், எல்லாம் அதனதன் இடத்தில்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மஞ்சள் காண்பவர் தன்னைப் பார்ப்பதை நிறுத்துவார், பார்ப்பதை நிறுத்தமாட்டார். போன ஞாயிறு, புது பல்பின் வெளிச்சத்தில், முகச்சவரம் முடித்துத் துடைத்துக்கொண்டிருந்த கணவரை மேடம் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங்க, இப்படிக் கொஞ்சம் சன்னல் பக்கம் திரும்புங்க."

"எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. மீசை..." தலை இடப்பக்கம் சாய்ந்தது. "போத்தல்ல பாதி மிச்சம் இருக்கு."

கணவரின் வலது கால் தானாக நீண்டு, இல்லாத ஒரு பிரேக்கை அழுத்தியது.

உங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, உங்கள் கண் சீரானது, பிறர் குறையைத் தேடுகிற புத்தி உங்களிடம் இல்லை. ரொம்பச் சந்தோஷம். ஆனால் விளக்குக்கு விளக்கு நிறம் மாறும் என்று படித்த இடத்தில், இந்தத் தாளை லேசாகச் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தீர்களே, அது எதற்கு? சரி, பார்த்தது பார்த்துவிட்டீர்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.